படம் வரைந்து பாகங்களைக் குறி

பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்த யாருக்கும் இந்த வரி மறந்திருக்காது. செம்பருத்தியின் நெடுக்குவெட்டுத் தோற்றம். பென்சிலைச் சீவிச் சீவி, ரெக்கார்டு நோட்டின் வழுவழுப்பான தாளில் வரைந்து, வலப்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, அல்லி, புல்லி, சூற்பை, சூல்முடி என்று எழுதினால் மதிப்பெண் உறுதி. எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வேலியெல்லாம் செம்பருத்தி. ஆனால் நான் ஒரு நாளும் அந்தப் பூவைப் பார்த்து வரைந்ததில்லை. புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்து வரைந்தேன். அதை வரைந்தவரும் வேறொரு புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பூவையே எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தவர்களின் படங்களை நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தக் கிறுக்கு விடவில்லை.

திருநாவலூரில் இருந்துகொண்டு நாவல் மரத்திலிருந்து தொடங்காமல் முடியாது. ஊரின் பெயரே அந்த மரம்தான். பக்தஜனேசுவரர் கோயிலின் தலமரமும் அதுதான். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்பதால் அவருக்கு நாவலூரர் என்றும் பெயர். பட்டிமன்றப் பேச்சாளர்கள் மேடை ஏறினால் ‘நா வல்லவர், அதனால் நாவலூரர்’ என்று கைதட்டல் வாங்காமல் இறங்குவதில்லை. பழைய தமிழில் இந்த நாட்டுக்கே நாவலந்தீவு என்று பெயர் உண்டு. இத்தனை பெருமையும் மரத்துக்கு இருக்கிறது. ஆனால் நாவல் பூ எப்படி இருக்கும் என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பழத்தைச் சொல்வார்கள். பூ என்றால் யோசிப்பார்கள். நானும் யோசித்தவன்தான்.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்கார மருத்துவர் 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். வைத்தியத்தைவிடச் செடிகொடியில்தான் அவருக்கு மோகம். 1838 முதல் 1853 வரை ‘ஐகோனிஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ என்ற தலைப்பில் ஆறு தொகுதிகள் வெளியிட்டார். மொத்தம் 2101 படத்தாள்கள். அவற்றில் ஒன்று நாவல். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய புத்தகம் என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை. பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாக, பெரிதாக்கிப் பார்க்கும் தெளிவில், காசில்லாமல் கிடைக்கிறது. நாவல் தாளை இறக்கிக்கொண்டு பக்கத்து டவுனில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போனேன்.

“என்ன சார், பாப்பாவுக்கு சயின்ஸ் சார்ட்டா?” என்றார் கடைப் பையன்.

வீட்டுச் சுவருக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ‘நீட்டா’ எடுத்துத் தருவதாகச் சொல்லி, தாளின் பழுப்பைத் துடைத்து, நான்கு ஓரத்தையும் நறுக்கி, பளபளக்கும் தாளில் அச்சிட்டு, மேலே லேமினேஷனும் போட்டுக் கொடுத்தார். கல்யாண மண்டபத்தின் மெனு கார்டு போல இருந்தது. ஓரத்தோடு போனது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் முறை நானே உட்கார்ந்தேன். பழுப்பு அப்படியே இருக்கட்டும். மினுக்காத கெட்டித் தாள். லேமினேஷன் வேண்டாம். அந்தத் தாள் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் பார்த்தார்கள். வண்ணம் இல்லை. வெறும் கருங்கோடு. ஐகோனிஸ் முழுவதும் அப்படித்தான்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவை கல்லச்சுப் படங்கள். எண்ணெய்ப்பசை உள்ள மையால் சுண்ணாம்புக்கல் மீது வரைந்து, கல்லை நீரால் நனைப்பார்கள். வெற்றிடம் நீரைக் குடித்துக்கொள்ளும், கோடு குடிக்காது. அச்சுமை பூசினால் கோட்டில் மட்டும் ஒட்டும். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று சமையலறையில் தெரிந்ததுதான் தொழில்நுட்பம். செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்தது 1796-ல். வைட் பிறந்ததும் அதே ஆண்டில். செப்புத்தகட்டில் உளியால் கீறும்போது கோடு கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். கல்லச்சில் அந்த விறைப்பு இல்லை, கை நடந்தபடியே கோடும் நடக்கிறது. கிளையின் புறவரி ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் சற்றே தடித்தும் இருந்தால், அந்த ஒரு தடிப்பிலேயே கிளை உருண்டுவிடுகிறது. நிழல் தீட்ட வேண்டியதில்லை. மாக்கோலம் போடும் கையைப் பார்த்திருப்பீர்கள். மாவு எங்கே தாராளமாக விழ வேண்டும், எங்கே இழையாக வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். அதே விரல்தான் இங்கேயும்.

நாவலை வரைபவருக்கு இரண்டு இடத்தில் சோதனை உண்டு. முதல் சோதனை இலை. ஒரு நாவல் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கிளைநரம்புகள் ஓடும். ஆனால் அவை விளிம்பைத் தொடுவதில்லை. விளிம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே, இலையைச் சுற்றிலும் ஒரு நரம்பு வரப்புப் போல ஓடுகிறது. எல்லாக் கிளைநரம்பும் அந்த வரப்பில் வந்து சேர்ந்துவிடும். சேலைக்கு உள்கரை நெய்த மாதிரி. நாவல் மரத்தடியில் பிறந்து வளர்ந்தும் நான் இதைப் பார்த்ததில்லை. நாவல் குடும்பத்துப் படத்தாள்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. பிறகு மரத்தடிக்குப் போய் இலையைப் பார்த்தால், அட, இருக்கிறது!

இரண்டாவது சோதனை பூ. பங்குனி, சித்திரையில் இலைக்குக் கீழே பழைய கொப்புகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொன்றும் சின்னஞ்சிறிய பச்சைவெள்ளைப் பூ. அதன் இதழ்கள் விரிவதே இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு குட்டித் தொப்பியாக இருந்து, பூக்கும் நேரத்தில் அப்படியே கழன்று விழுந்துவிடும். மிச்சம் இருப்பது மகரந்தத்தாள்களின் சிலிர்ப்பு மட்டும். இதழ் இல்லாத பூவை, விழுந்துவிட்ட தொப்பியோடு எப்படிக் காட்டுவது? இதைப் புரிந்துகொள்ள ஓவியமே வேண்டாம், அஞ்சறைப்பெட்டி போதும். கிராம்பும் நாவலின் நெருங்கிய பங்காளி, ஒரே பேரினம். ஒரு கிராம்பை எடுத்து அதன் உச்சியில் இருக்கும் உருண்டையை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். அந்த உருண்டைதான் தொப்பி. உள்ளே மகரந்தத்தாள்கள் சுருண்டு கிடக்கும். தினமும் தாளிப்பில் போடுவது பூக்காத மொட்டு என்பதைச் சமையலறையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

தாவர ஓவியர் இந்த இடத்தில் என்ன செய்வார் தெரியுமா? நடுவில் ஒரு கொப்பை இலையோடும் பூவோடும் பெரிதாக வரைவார். தாளின் அடிப்பகுதியில், எண் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். மொட்டு. விரிந்த பூ. நெடுக்கே வெட்டிய பூ. குறுக்கே வெட்டிய சூற்பை. சில சமயம் விதை, விதைக்குள் இருக்கும் முளை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் பெரிதாக்கப்பட்டது. மேலே மரம் நம்மைப் பார்க்கும் தூரம், கீழே உருப்பெருக்கிக் கண்ணாடியின் தூரம். இரண்டும் ஒரே தாளில் உறுத்தாமல் கிடக்கின்றன. கண் மேலும் கீழும் போய் வருகிறது. சுவரில் மாட்டிய எந்தப் படமும் இவ்வளவு நேரம் என்னை நிறுத்திவைத்ததில்லை.

இந்தப் படங்கள் காலத்தையும் மடித்து வைக்கின்றன. தமிழில் பூவுக்கு எத்தனை பருவப் பெயர்கள்! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இலைக்கும் அப்படியே கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. காய்ப்பதற்கும் பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், செங்காய், கனி. இத்தனை சொற்களை உண்டாக்கியவர்கள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தினமும் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் இவை மாதக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். படத்தாளில் மொட்டும் பூவும் காயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நாள் கணக்கு அங்கே செல்லாது. என் கைபேசியில் கோயில் நாவலை எத்தனையோ முறை எடுத்துவிட்டேன். ஒரு கொத்து தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் மங்கல், பின்னால் மின்கம்பி வேறு. கைபேசிப் படத்தில் அன்றைக்கு, அந்த மரத்தில், அந்தக் கொப்பு எப்படி இருந்தது என்பது மட்டும் இருக்கிறது.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதும் அத்தை வந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரலால் இலை மேல் கோடு இழுத்தபடி, “நாவ இலைதான். எல்லாம் சரிடா தம்பி, கறுப்பே காணோமே” என்றார்.

உண்மை. ஊதா இல்லாத நாவல். ஆடி மாதம் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, சட்டையில் கறை வாங்கி அடிபட்டவர்களுக்கு, இது என்ன நாவல்? ஔவைக்கு முருகன் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதையில்கூட மண் ஒட்டிய கரும்பழம்தான் மனதில் நிற்கிறது. ஆனாலும் நான் இந்த வண்ணமில்லாத தாளின் கட்சி. வண்ணம் பூசியிருந்தால் அது ஒரு பழத்தின் ஊதாவாக இருக்கும். கோடு மட்டும் இருப்பதால் அவரவர் நாக்கிலிருக்கும் ஊதாவை அவரவர் பூசிக்கொள்கிறோம். அத்தை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

வண்ணம் வேண்டும் என்பவர்களுக்கு தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இருக்கிறார். சோழமண்டலக் கரையின் செடிகள் என்ற பொருளில் தலைப்பிட்டு, 1795-லிருந்து 1820 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வந்த நூல். 300 படத்தாள்கள். ஒவ்வொரு பிரதியிலும் தூரிகையால் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நம் கல்வராயன் மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் கடுக்காயின் மரம் அதில் உண்டு. தோல் பதனிடவும், துணிக்குச் சாயம் பிடிக்க வைக்கவும், வயிற்றுக்கு மருந்தாகவும் ஆகும் அந்த வரிவரியான காய் அரச மரியாதையோடு அச்சாகியிருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வரைந்தது ஆந்திரக் கரையில், செதுக்கியதும் வண்ணம் தீட்டியதும் லண்டனில். அங்கே தூரிகை பிடித்தவர்கள் கடுக்காயை மரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். வரைந்த நம்மூர்க் கைகளின் பெயரும் தாளில் இல்லை. ஐகோனிஸ் சென்னையிலேயே அச்சானது, கைக்கும் கல்லுக்கும் நடுவில் கடல் இல்லை. என் விருப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் பழையது வேண்டுமானால் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் சொன்ன மருத்துவச் செய்திகள் அதன் உயிர். முதல் செடியே தென்னை. பலாவுக்கும் படம் உண்டு, பண்ருட்டிக்காரர்கள் பார்த்தால் உரிமை கொண்டாடுவார்கள். நாவலும் ‘பெரின்ஞாரா’ என்ற பெயரில் வருகிறது. அதன் செப்புத்தகட்டுப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, செடியின் பெயர் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி என்று பல எழுத்துகளில் ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்பது. மற்றொன்று, இலையின் நடுநரம்புக்கு ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம் என்று பாதி பாதியாகப் பிரித்துவிடும் பழக்கம். எல்லா இலைக்கும் ஒரே கணக்கு. கொஞ்சம் பார்த்தால் கம்பீரம், நிறையப் பார்த்தால் சலிப்பு.

இனி அந்த நறுக்கிய ஓரத்துக்கு வருகிறேன். முதல் பிரிண்டில் கடைப் பையன் வெட்டிய கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த அளவில், ஒரு பெயர் இருந்தது. ரங்கையா. பக்கத்தில் ‘டெல்.’ என்று ஒரு சுருக்கம். இரண்டாம் முறை அதைக் காட்டியபோது, “டெல்லிக்காரரா சார்?” என்று கேட்டார். வரைந்தவர் என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ரங்கையா நம் பக்கத்து ஆள். 1820-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் வைட்டுக்காக வரைந்தார். 1828-ல் வைட் நாகப்பட்டினத்துக்கு மாற்றலானபின், அங்கிருந்து அவர் அனுப்பிய ரங்கையாவின் படங்களை கிளாஸ்கோவில் இருந்த தாவரவியலாளர் ஹூக்கர் தன் இதழில் அச்சிட்டார். 1840-களின் நடுவில் அந்த இடத்துக்குக் கோவிந்து வந்தார். இருவர் பெயரும் தெலுங்குப் பெயர்கள். படத்தின் மூலையில் பெயர் போடும் மரியாதையை வைட் கொடுத்தார். ராக்ஸ்பர்க்கின் ஓவியர்களுக்கு அது வாய்க்கவில்லை.

வைட் இன்னும் ஒரு படி போனார். 1853-ல் ஐகோனிஸின் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். கவர்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் செடிகளை அர்ப்பணித்துக்கொண்டிருந்த காலத்தில், சம்பளத்துக்கு வரைந்த ஓர் ஓவியரின் பெயர். அதை எழுதும்போது கோவிந்துவைப் பாராட்டிவிட்டு, கூடவே ஒரு குறையும் சொன்னார்: பூவைப் பிரித்து வரைவதில் நாட்டவரில் இணையில்லை, ஆனால் தூரக்காட்சி, அதாவது பெர்ஸ்பெக்டிவ், சரியாகத் தெரியாது என்ற கருத்தில்.

இந்தக் குறையோடுதான் எனக்கு வழக்கு. தூரக்காட்சி என்றால் அருகில் இருப்பது பெரிது, தள்ளி இருப்பது சிறிது, பின்னால் இருப்பது மறைவு. ஒரு கொப்பில் பின்னால் போகும் இலையை அப்படி வரைந்தால் அது குறுகி, மடிந்து, பாதி காணாமல் போகும். இலையின் வடிவம் தெரிய வேண்டிய தாளில் அது யாருக்கு லாபம்? நம்மூர்க் கைகள் இலைகளைத் தாளின்மீது விரித்துக் கிடத்தின. பந்தியில் வாழையிலை போடுகிற மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொன்றும் முழுதாக. ஓர் இலையை மட்டும் திருப்பிப்போட்டு அடிப்பக்க நரம்பைக் காட்டிவிடுவார்கள். இடம் போதாவிட்டால் கொப்பு தாளின் விளிம்புக்கு இசைந்து வளைந்துகொள்ளும். கோயில் தூணில் கொடிக்கருக்கு செதுக்கியவர்களும் இதைத்தான் செய்தார்கள். இதைக் குறை என்று எழுதிய அதே வைட், அந்தப் படங்களை நூற்றுக்கணக்கில் அச்சிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோவிந்தூயா நிலைக்கவில்லை. அதே பேரினத்துக்கு லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 1833-லேயே ட்ரொபிடியா என்று பெயர் வைத்திருந்தார். முந்திய பெயருக்கே முதலிடம் என்பது தாவரவியல் சட்டம். நம் ஓவியரின் பெயர் இப்போது ‘இணைப்பெயர்’ வரிசையில் சாய்வெழுத்தில் இருக்கிறது. அசல் ஓவியங்கள் பல எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவிலும் லண்டன் கியூ பூங்காவிலும் பத்திரமாக உள்ளன. ஹென்றி நோல்ட்டி என்ற ஆய்வாளர் 2007-ல் ராபர்ட் வைட்டோடு ரங்கையா, கோவிந்து பெயர்களையும் தலைப்பில் போட்டு நூல் வெளியிட்டார். அதுவரை ‘கம்பெனி ஓவியம்’ என்ற பொதுப் பையில் கிடந்தவர்கள்.

நம் கல்வராயன் மலைச் செடிகளுக்கும் படம் உண்டா என்று கேட்பவர்கள் திருச்சி வரை போக வேண்டும். தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, கர்நாடகப் பகுதி என்று அந்தக் காலத்து வரைபடம் சொல்லும் தமிழகச் சமவெளியையும் கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளையும் சலித்தெடுத்துச் செடி சேர்த்தார். 1982-ல் அந்தச் செடிகளின் படத்தொகுதி தனியாக வந்தது. 1988-ல் இன்னொன்று. வண்ணமில்லை, பகட்டில்லை, பேனாக் கோடு மட்டும். உலர்ந்து தாளில் ஒட்டிய பூவைச் சுடுநீரில் போட்டு ஊறவைத்து, மெல்லப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரையும் வேலை. வேலியோரத்துக் கோரைக்கும் புல்லுக்கும்கூட அங்கே ராஜமரியாதை. சுவரில் மாட்டுவதற்கென்று வரைந்தவை அல்ல. ஆனால் ஒரு கோரைப்புல்லின் கதிரைப் பத்து மடங்கு பெரிதாக்கிய ஒரு தாளை நான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதை நகை வடிவமா என்று கேட்கிறார்கள்.

சென்னையில் புதிதாகத் திறக்கும் காபிக் கடைகளில் தாவர ஓவியர் ரெதூத்தேயின் ரோஜாக்களும் ஐரோப்பியப் பெரணிகளும் வரிசையாகத் தொங்குகின்றன. ரெதூத்தே மேல் குறையில்லை, அந்த ரோஜாவின் இதழோரம் காற்றில் ஆடும். ஆனால் ஆவாரையும் எருக்கும் நாவலும் இதே நேர்த்தியில் நம்மிடம் இருக்கும்போது, ஐரோப்பியப் பெரணியை ஏன் விலைகொடுத்து மாட்ட வேண்டும் என்று மேஜையில் காபி ஆறும்வரை யோசித்திருக்கிறேன்.

நீங்களும் எடுத்து மாட்டுவதாக இருந்தால் இரண்டே வேண்டுகோள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள், கண்ணாடியில் தெரு தெரியும், இலை தெரியாது. பிரிண்ட் கடையிலும் சட்டம் போடும் இடத்திலும் கூடவே நின்று, கீழ் மூலையை வெட்ட விடாதீர்கள். அங்கே ரங்கையா இருக்கிறார்.